ஐந்து மஞ்சள் கோடுகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஓசூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் இது தொடங்கியது. அன்று காலை பத்து மணிக்கெல்லாம் சூளகிரி சர்வீஸ் ரோட்டில் முடிந்துவிட்டது. முடிந்தது என்று சொல்வதும் சரியில்லை.

நான் மெக்கானிக்கல் படித்தவள். வாகன உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் தரப் பிரிவில் வேலை. அண்ணன் வேறோர் ஆலையில் அசெம்பிளி லைனில் இருக்கிறான். இரண்டு பேரும் சேர்ந்து, கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரியில் ஓடித் தேய்ந்த ஒரு ஜீப்பை வாங்கினோம். என்னைவிட வயதில் மூத்த வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும், எந்தக் கரட்டிலும் ஏறும் என்று சொல்லி விற்றார்கள். வீட்டுக்கு அதை டிராக்டரில் கட்டித்தான் இழுத்து வந்தோம்.

ஒன்றரை வருடம் அந்த ஜீப்போடு கழிந்தது. கிளட்ச் பிளேட் மாற்றினோம். வயரிங் முழுவதையும் பிடுங்கிப் போட்டுப் புதிதாக இழுத்தோம். பழைய இரும்புக் கடையில் கிடைத்த பாகங்களை வைத்து முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கொடுத்தோம். எந்த மெக்கானிக்கும் அந்த வண்டியைத் தொடவில்லை என்று சொல்லிக்கொள்வதில் எங்கள் இரண்டு பேருக்கும் பெருமை.

ஆனால் சேர்ந்து வேலை செய்த நாட்கள் குறைவு. எனக்குப் பகல் வேலை, அவனுக்கு வாரத்துக்கொரு ஷிப்ட். அதனால் ஆலையில் ஒரு ஷிப்ட் அடுத்த ஷிப்டுக்கு எழுதி ஒப்படைப்பதுபோல, கொட்டகைச் சுவரில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டேன். செய்ய வேண்டியவை, செய்தவை, மிச்சம் என்று மூன்று கட்டம். முடித்ததற்கு எதிரே டிக். நான் கொட்டகைக்குள் வந்தாலே அண்ணன் எழுந்து நின்று, "ஆடிட் வந்தாச்சு, எல்லாரும் குல்லா போடுங்க" என்பான். அங்கே அவனைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

மஞ்சள் கோட்டையும் ஆலையிலிருந்துதான் கொண்டுவந்தேன். ஒரு நட்டை வேண்டிய அளவுக்கு முடுக்கி முடித்ததும், நட்டின் மேலிருந்து அடியிலிருக்கும் பாகம் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுப்போம். கோடு இருந்தால் முடுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். இந்த ஊரில் ஆலையில் வேலை செய்யும் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. வண்டியை எடுக்கும் முன் வீல் ஸ்பானரைப் போட்டு ஒவ்வொரு நட்டையும் ஓர் இழு இழுத்துப் பார்ப்பான். நான் அளந்து முடுக்கியதையும் விட மாட்டான். ஒருமுறை ஸ்பானரில் பைப்பைச் சொருகி இழுத்ததில், நான் புதிதாகப் போட்ட ஸ்டட் ஒன்று முறிந்தது. சக்கரத்தைத் தாங்கும் ஐந்து திருகுக் கம்பிகளில் ஒன்று. அன்று நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். நான் செய்ததை நம்பாவிட்டால் எதற்கு என்னைச் செய்யச் சொல்கிறாய் என்று கேட்டேன். அட்டையின் உச்சியில் சிவப்பு மையால் எழுதினேன்: மஞ்சள் கோடு போட்டதில் யாரும் கை வைக்கக் கூடாது. அவன் சிரித்துக்கொண்டே அதன் கீழே கையெழுத்துப் போட்டு, "ஊழியர்" என்றும் எழுதினான்.

அதற்குப் பிறகு அவன் இழுத்துப் பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் கொட்டகைக்குப் போனேன். பின்பக்க இடது சக்கரத்துக்குப் பிரேக் ஷூ மாற்றும் வேலை கடைசியாக மிச்சம். அதை முடித்து, ஷூவை மூடும் டிரம்மை மாட்டி, சக்கரத்தை ஏற்றி, ஐந்து நட்டையும் கையால் ஓடவிட்டு நிறுத்தினேன். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது முழுதாக முடுக்க முடியாது, கூடவே சுழலும். ஜாக்கியை இறக்கிய பிறகுதான் டார்க் ரெஞ்ச் போட வேண்டும். வேண்டிய இறுக்கம் வந்ததும் டக்கென்று சத்தம் கொடுக்கும் ஸ்பானர் அது. பிரேக் குழாய்க்கும் ஸ்பிரிங் போல்ட்டுக்கும் அப்போதுதான் கோடு போட்டிருந்தேன். மார்க்கர் கையில் மூடி திறந்தபடி இருந்தது. எப்படியும் இரண்டு நிமிடத்தில் முடுக்கத்தானே போகிறோம் என்று வீல் நட்டு ஐந்துக்கும் சேர்த்தே கோடு இழுத்தேன். அதே கையோடு அட்டையில் டிக்கும் போட்டேன்.

போன் அடித்தது. நாங்கள் அனுப்பிய சரக்கில் குறை வந்து வாடிக்கையாளரின் ஆலையில் லைன் நின்றுவிட்டது, உடனே வரவேண்டும், பத்து நிமிடத்தில் வேன் வந்துவிடும் என்றார்கள். ஜாக்கியை இறக்கினேன். கைக்குக் கிடைத்ததைப் பெட்டிக்குள் தள்ளினேன். கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். அண்ணன் இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒன்பதரை மணி இருக்கும். ஆலையில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது அவனிடமிருந்து செய்தி வந்தது. வண்டியைச் சோதித்துப் பார்க்கப் பாரூர் ஏரி வரை போகிறான். ஓசூரைத் தாண்டியதும் பின்னால் லேசாக டக் டக் என்று சத்தம். இறங்கிப் பார்த்தானாம். "கோடு அஞ்சும் நேராத்தான் இருக்குது. புது ஷூ சத்தமா இருக்குமா?"

நான் மேசைக்கு அடியில் போனை வைத்துப் பதில் அடித்தேன். "டிக் போட்டிருக்கேன்ல. ஷூதான். ஓட்ட ஓட்டச் சரியாயிடும். போ."

பொய் சொல்லவில்லை. முடுக்கிவிட்டேன் என்றே மனதார நம்பினேன். கோடு போட்டதும் டிக் போட்டதும் தெளிவாக நினைவில் இருந்தன. அவற்றுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டியதையும் நடந்ததாகவே மனம் எடுத்துக்கொண்டது.

அரை மணி நேரத்துக்குப் பிறகு மறுபடியும் அவன் போன். இந்த முறை பேசியது வேறு யாரோ.

நான் சூளகிரி போய்ச் சேர்ந்தபோது ஜீப் இடது பின்பக்கம் சாய்ந்து கிடந்தது. பிரேக் டிரம் தார் ரோட்டை உழுதுகொண்டு போன தடம் நீளமாக இருந்தது. சக்கரம் தனியாகக் கழன்று, சர்வீஸ் ரோட்டைக் கடந்து உருண்டு, ஓரத்தில் மொபெட்டில் கொத்தமல்லிக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தவர் மேல் மோதியிருக்கிறது. அவரை ஆம்புலன்சில் கிருஷ்ணகிரிக்கு அனுப்பிவிட்டார்கள். தழை முழுவதும் ரோட்டில் நசுங்கி, அந்த இடமே கொத்தமல்லி வாசனையாக இருந்தது. இன்றும் எங்கள் வீட்டில் ரசத்துக்குத் தழை போடும்போது நான் சமையலறைக்குள் போவதில்லை.

அண்ணன் முகவாயில் துண்டை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். "நான்தான் பாப்பா. சத்தம் கேட்டும் ஓட்டிட்டேன்" என்றான். கூடியிருந்தவர்கள், இவ்வளவு பழைய வண்டியை மெயின் ரோட்டில் விட்டால் வேறென்ன ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். நானும், ஸ்டட் தேய்ந்திருக்கும் என்றேன்.

மாலையில் கொட்டகையைத் திறந்தேன். பெட்டியிலிருந்த ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல் எல்லாவற்றிலும் காலையில் பட்ட பிரேக் கரியும் கிரீசும் அப்பியிருந்தன. டார்க் ரெஞ்ச் மட்டும் அலமாரியில் தன் உறைக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கைப்பிடியில் ஒரு விரல் கறைகூட இல்லை. காலையில் அதை நான் தொடவே இல்லை.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வண்டியைச் சோதித்த பிரேக் இன்ஸ்பெக்டர், பழைய வண்டி, ஸ்டட் மரை தேய்மானம் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது. அந்த இரண்டு நாளும் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டு எழுந்து போனான். மூன்றாம் நாள் அவனிடம் சொன்னேன்.

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் அட்டையைப் பார்த்தான். "சீட்டுக்குப் பின்னாடிதான் ஸ்பானர் கெடந்துச்சு பாப்பா. கையில எடுத்துட்டேன். நீ சத்தம் போடுவியேன்னு திரும்ப வச்சுட்டேன்" என்றான். 

காவல் நிலையத்துக்குப் போய் நான் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அங்கிருந்த ஏட்டு முழுதும் கேட்டுவிட்டு, ஓட்டினவர் மேல்தான் வழக்கு, கோடு போட்டவர் மேல் போட எங்களிடம் ஒன்றுமில்லை என்றார். ஆனாலும் என் காகிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். வழக்கு இன்றும் அண்ணன் பெயரில்தான் நடக்கிறது.

மறுநாள் தனியாகக் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். ஆலையில் ஒரு குறை வந்தால், ஏன் வந்தது என்று கேட்டு, அதற்கு வரும் பதிலையும் ஏன் என்று கேட்டு, ஐந்து முறை இறங்கிப் போவோம். அதை எழுதுவதுதான் என் வேலை. ஆளின் கவனக்குறைவு என்று யாராவது எழுதி வந்தால் திருப்பி அனுப்புவேன். பஸ்ஸில் அதையே எனக்குச் செய்து பார்த்தேன். சக்கரம் ஏன் கழன்றது? நட்டு முடுக்கப்படவில்லை. ஏன் முடுக்கவில்லை? ஆலையில் கூப்பிட்டார்கள். முடுக்காதது ஏன் தெரியவில்லை? கோடும் டிக்கும் இருந்தன. ஏன் இருந்தன? முதலிலேயே போட்டுவிட்டேன். நாலோடு நின்றுவிட்டது. இது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மொபெட்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தொடை எலும்பும் முட்டியும் உடைந்து, கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் அவர் மனைவி. தங்களுக்குள் தெலுங்கிலும் என்னிடம் தமிழிலும் பேசினார்கள். முட்டி மடங்குமா என்பது மூன்று மாதம் போனால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு அது ஒன்றுதான் கவலை. கொத்தமல்லி குந்தி உட்கார்ந்து பிடுங்குகிற பயிர். முட்டி மடங்காவிட்டால் அவர் வயலுக்குள் போய் ஒன்றும் செய்வதற்கில்லை.

நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கோடு என்றால் என்ன என்பதில் தொடங்கி, அண்ணன் அனுப்பிய செய்தி, என் பதில், சிவப்பு மையில் எழுதியது, எதையும் விடவில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அந்தப் பையன் தெனமும் இழுத்துப் பாக்கறவன்தானே. பாக்காதேன்னு என்னாத்துக்கும்மா சொன்னே?"

ஐந்தாவது கேள்வி அது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஸ்டட் முறிந்த கதை, அளவுக்கு மேல் முடுக்கினால் உலோகம் இழுபடும் என்ற பாடம், எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. எதையும் சொல்ல முடியவில்லை.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார். "வண்டி பழசு, எங்க நேரம் சரியில்லன்னு நெனச்சுக்கினு இருந்தோம். இப்ப நீ வந்து சொல்லிட்டே. இனிமே கண்ண மூடினா உன் மூஞ்சிதான் வரும். போம்மா."

உண்மையைச் சொன்னால் மனது லேசாகும் என்று யாரோ எப்போதோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படி ஆகவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், கேட்காமலே படியிறங்கினேன்.

முட்டி மடங்கவில்லை.

ஜீப் எட்டு மாதம் கொட்டகையில் சக்கரமில்லாமல் நின்றது. பிறகு ஒருநாள் அண்ணனே புது ஸ்டட் போட்டு முடுக்கிவிட்டு, "பாப்பா, வந்து இழுத்துப் பாரு" என்று கூப்பிட்டான். இழுத்துப் பார்த்தேன். என் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி அவனும் ஒருமுறை இழுத்தான். சிவப்பு மை எழுதிய அட்டை அங்கேயே தொங்குகிறது. கழற்றலாம் என்றேன். இருக்கட்டும் என்றான். இப்போது அவன் ஆடிட் என்று கேலி செய்வதில்லை. அது எனக்குக் குறையாகத்தான் இருக்கிறது.

சென்ற மாதம் வேலை விஷயமாகச் சூளகிரி போனபோது சந்தை ஓரத்தில் அவரைப் பார்த்தேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு காலை முன்னால் விறைப்பாக நீட்டிக்கொண்டு, மற்றவர்கள் பிடுங்கி வந்த தழையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மட்டும் தலையை நிமிர்த்தி, "பஸ்லயா வந்தே?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

அன்றும் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் தெரியாமல் இல்லை. நான் செய்த வேலையை இன்னொருவர் கை வைத்துப் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த ஒரு வரியை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் நாள் வரை, நான் போடும் எந்த டிக்கையும் முதலில் நம்பாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.