சிறிய சிப்பின் பக்கம் நின்று எழுதியது

மலேசியாவில், ரவாங்கில் நான் வேலை செய்யும் பட்டறையில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களின் மதகுகளுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். ஆற்றில் நீர் ஏறினால் மதகை மூட வேண்டும். இறங்கினால் திறக்க வேண்டும். பெட்டி அதைத் தானே பார்த்துக்கொள்ளும். பற்றவைப்பதும் கம்பி இழுப்பதும் என் வேலை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான். ஆங்கிலத்தில் எழுத்துகள் தெரியும், வாக்கியம் என்றால் தயக்கம். வாய் திறந்து பேசுவது எந்த மொழியிலும் தயக்கம்தான்.

புதிய பெட்டியில் இரண்டு சிப்புகள். பெரியதில் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருள் ஓடும். சிறியதில் ஃபர்ம்வேர் என்ற, சிப்புக்குள்ளேயே பதித்த மென்பொருள் ஓடும். மோட்டாரைத் தொடும் உரிமை அதற்கு மட்டும்தான். கெர்னல் மதகைத் திறக்க நினைத்தால், இரண்டுக்கும் பொதுவான நினைவகத்தில் செய்தியை வைத்துவிட்டு ஒரு தடத்தில் மணி அடிப்பதுபோல் சைகை தர வேண்டும். சிறிய சிப் வேலையை முடித்து, பதிலை வைத்து, இன்னொரு தடத்தில் மணி அடிக்கும். தடங்களுக்கு எண் பூஜ்யம், ஒன்று. எந்தத் தடம் எதற்கு என்பது கெர்னலுக்குத் தானாகத் தெரியாது. பலகையில் என்னென்ன இருக்கின்றன என்று விவரிக்கும் ஒரு கோப்பு உண்டு. அதில் எழுதிவைத்தால்தான் தெரியும்.

இதையெல்லாம் எனக்குப் பொறுமையாகச் சொன்னவர் எங்கள் எஞ்சினியர். சுங்கை சோவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் பெண், முப்பது வயதிருக்கும். வேலையில் இன்னும் நிரந்தரமாகவில்லை. கோப்பை எழுதியவர் அவர். ஃபர்ம்வேர் செய்தவர் வேலையை விட்டுப் போகும்போது வாயால் சொன்ன தட எண்களை நான்தான் என் நோட்டில் குறித்து வைத்திருந்தேன்: 'அனுப்புவது 0, வாங்குவது 1.' எஞ்சினியர் அதைப் பார்த்து அப்படியே கோப்பில் ஏற்றினார்.

பெட்டி பேசவில்லை. கெர்னல் கூப்பிடும், காத்திருக்கும், பிறகு பதில் வரவில்லை என்று திரையில் ஒரு வரி விழும். புதன்கிழமை முழுவதும் அதே வரி.

முதலாளி வந்து பார்த்தார். "வெள்ளிக்கெழம எஸ்டேட்ல ஓட்டிக் காட்டணும். ஓடலைன்னா பழைய பெட்டியே போதும்னு விட்டுருவேன். அப்புறம் ஒனக்கு இங்க வேல இருக்காதும்மா, சொல்லிட்டேன்."

"சரி பாஸ்," என்றார் அவர்.

வியாழக்கிழமை என் பற்றவைப்புகளை மூன்று முறை உருப்பெருக்கியில் பார்த்தேன். எல்லாம் சுத்தம். எஞ்சினியர் பின்வாசலில் நின்று அம்மாவிடம் தொலைபேசியில் பேசுவது கேட்டது. "பெர்மனன்ட் ஆவுறது கஷ்டந்தான் லா, ம்மா. வேற எடம் பாக்கணும்."

நோட்டை எடுத்து என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இளவயதில் கோலசிலாங்கூர்க் கடலோரத் தோட்டம் ஒன்றில் நான் மதகுக் காவலாளி. கையில் வாக்கிடாக்கி, மடியில் ஒரு புத்தகம். இடது பத்தியில் சொன்னது, வலது பத்தியில் கேட்டது. ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடமும் அதே மாதிரிப் புத்தகம் இருந்தது. மாத முடிவில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார். என் இடது பத்தி அவருடைய வலது பத்தியோடு பொருந்த வேண்டும். மதகில் நிற்பவன் மதகிலிருந்து எழுத வேண்டும் என்பது அங்கே முறை.

மோட்டாரைத் தொடும் சிறிய சிப்பை நான் என் மனதில் காவலாளியாகத்தான் வைத்திருந்தேன் போலிருக்கிறது. அதன் பக்கம் நின்று எழுதிவிட்டேன். கோப்போ கெர்னலுடையது. கிராணியின் புத்தகத்தில் காவலாளியின் பத்திகளை அப்படியே ஒட்டியதுபோல் ஆகிவிட்டது. இரண்டு சிப்பும் ஒரே தடத்தில் அனுப்பின. இன்னொரு தடத்தில் இரண்டும் காது வைத்துக் காத்திருந்தன.

உடனே சொல்லியிருக்க வேண்டும். முதலாளி அங்கேயே உட்கார்ந்திருந்தார். தாளைக் கிழித்து எழுதினேன்: '0இல் சிறிய சிப் அனுப்புகிறது. கெர்னல் அதில் வாங்க வேண்டும். நான் சிறிய சிப் பக்கமிருந்து எழுதிவிட்டேன்.' எஞ்சினியரின் விசைப்பலகை ஓரத்தில் வைத்து, மேசையை ஒருமுறை தட்டிவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

அவர் படித்தார். "அண்ணே, ஆறடி தள்ளி உக்காந்துகிட்டு எனக்கு லெட்டர் போடுறீங்களா?"

ஆனால் கை அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு எண்களை இடம் மாற்றினார். பெட்டியை அணைத்து மறுபடி போட்டார். கெர்னல் கூப்பிட்டது. மோட்டாருக்கான சுவிட்ச் 'டக்' என்றது.

"வந்துருச்சு," என்றார், மிக மெதுவாக.

முதலாளி எழுந்து வந்தார். "ரெண்டு நாளா என்னதான் தப்பு? நீ எழுதுனதா?"

எஞ்சினியர் என்னைப் பார்க்கவில்லை. ஆமென்று தலையை ஆட்டப் போகிறார் என்று தெரிந்தது. எப்படி வந்ததோ, குரல் வந்துவிட்டது.

"என் தப்பு, முதலாளி. நோட்டுல நான் மாத்தி எழுதிட்டேன். அவங்க அதப் பாத்துத்தான் கோப்புல ஏத்துனாங்க."

"ஆறு வருசமா இங்க இருக்க," என்றார் முதலாளி. "ஒன் குரல் இப்படித்தான் இருக்கும்னு இன்னைக்குத்தான்யா தெரியுது."

வெள்ளிக்கிழமை பத்தாங் பெர்ஜுந்தாய் தாண்டி ஒரு தோட்டத்தில் பெட்டியை மாட்டினோம். மதகு முனகிக்கொண்டே மேலே போனது. காய்ந்த ஓலைகளை அள்ளிக்கொண்டு கால்வாய் நீர் ஆற்றுக்குப் பாய்ந்தது. திரும்பும் வழியில் வேன் ஓட்டிக்கொண்டே முதலாளி எஞ்சினியரிடம், "திங்கக்கெழம ஆபீசுக்கு வா, பெர்மனன்ட் லெட்டர் வாங்கிக்க," என்றார். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது அந்தக் கோப்பில் இரண்டு தட வரிகளுக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கிறது. நான் தமிழில் சொன்னேன், அவர் ஆங்கிலத்தில் எழுதினார்: இங்கே அனுப்புவது, வாங்குவது எல்லாம் கெர்னலின் பக்கமிருந்து.

அடுத்த பெட்டிக்கு நான்கு தடங்கள். நேற்று நோட்டைத் திறந்துகொண்டு அவர் மேசைக்கு நானே போனேன்.

"எந்தப் பக்கம் நின்னு எழுதட்டும்மா?" என்று கேட்டேன்.

"உக்காருங்கண்ணே," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். "ரெண்டு பக்கமும் எழுதி, ஒத்துப் பாத்துருவோம்."