தேடும் பணி தீவிரம்

அத்தான் கப்பலிலிருந்து அனுப்பும் செய்திகள் எல்லாம் ஒரே வடிவில் இருக்கும். "ஈ.டி.ஏ. சிங்கப்பூர் 14. ஏ.ஜி.டபிள்யூ. டபிள்யூ.பி." பதினான்காம் தேதி சேரலாம், எல்லாம் சரியாகப் போனால், வானிலை இடம் கொடுத்தால். சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்தவர். துறைமுகத்துக்கு எழுதுவதைப் போலத்தான் மனைவிக்கும் எழுதுவார். அந்தச் சுருக்கங்களை என் அக்கா கல்யாணமான முதல் வருடமே கற்றுக்கொண்டாள். விடுமுறையில் கொட்டாரம் கடைத்தெருவுக்குக் கிளம்பும்போதும் அத்தான் செருப்பை மாட்டியபடி, "ஈ.டி.ஏ. பதினொண்ணு, டபிள்யூ.பி." என்பார். "வெதர் பெர்மிட்டிங்கா, ஒங்க கூட்டுக்காரன் பெர்மிட்டிங்கா?" என்று அக்கா அடுக்களையிலிருந்து கேட்பாள். நண்பர்களோடு பேசிவிட்டுப் பன்னிரண்டரைக்குத்தான் வந்து சேர்வார்.

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் கம்பெனியிலிருந்து அக்காவுக்கு மின்னஞ்சல் வந்தது. அவள் போனை என்னிடம் நீட்டினாள். நான் நாகர்கோவிலில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியன். மொத்தம் நான்கு வரிகள். எம்.ஓ.பி. என்றிருந்தது: ஆள் கடலில் விழுந்துவிட்டார். எஸ்.ஏ.ஆர்., அதாவது தேடி மீட்கும் பணி, மூன்று நாளுக்குப் பின் முடித்துக்கொள்ளப்பட்டது. அனுதாபங்கள்.

உடல் கிடைக்காதவரை ஒருவர் இறந்தார் என்று பத்திரிகையில் நாங்கள் எழுதுவதில்லை. 'மாயம்' என்போம். கடைசி வரியாக 'தேடும் பணி தீவிரம்' என்று போட்டுப் பக்கத்தை முடிப்போம். கடலுக்குப் போய்த் திரும்பாத எத்தனையோ பேருக்கு நான் அந்த வரியைப் போட்டிருக்கிறேன். அன்று அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அதுதான் வாயில் வந்தது.

"தேடுகாங்க அக்கா. தீவிரமாத் தேடுகாங்க."

அவள் போனை வாங்கி, திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்து வைத்தாள். அழவில்லை. நினைவு ஆராதனை வைக்கலாம் என்று சபைப் போதகர் வந்தபோது காப்பி கொடுத்து அனுப்பினாள். "தேடிட்டிருக்காங்க அய்யா. பேப்பர்ல இருக்க தம்பியே சொல்லியிருக்கான்." அத்தானின் எண் காலாவதியாகிவிடாமல் ரீசார்ஜ் செய்துவந்தாள். எந்தப் படிவத்திலும் விதவை என்ற கட்டத்தைத் தொடவில்லை. தப்பான செய்திக்கு மறுநாளே திருத்தம் போடும் தொழில் என்னுடையது. ஏழு வருடமும் நான் வாய் திறக்கவில்லை.

போன வாரம் அக்கா மகளின் கல்யாண அழைப்பிதழைப் பிழை பார்க்கச் சொன்னார்கள். அச்சகத்திலிருந்து வந்த தாளில், தகப்பனார் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. அந்தச் சொல்லை அக்கா பேனாவால் அடித்திருந்தாள்.

"அம்மைகிட்ட நீங்களே சொல்லுங்க மாமா. என்னால முடியல்ல" என்றாள் மகள்.

சாப்பாட்டு மேசையில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து சொன்னேன். மின்னஞ்சல் வரும் முன்பே தேடலை நிறுத்திவிட்டார்கள். அந்த மின்னஞ்சலிலேயே அது இருந்தது. நான்தான் மாற்றிச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் மக்கா" என்றாள். "எம்.ஓ.பி.யும் எஸ்.ஏ.ஆரும் ஒனக்கு முந்தியே எனக்குத் தெரியுமே. ஒங்கிட்ட போனத் தாறதுக்கு முன்ன நாலு மட்டம் வாசிச்சேன்."

"பின்ன ஏன் கேக்கல்ல?"

"நீ பேப்பர்காரன்லா. கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். நான் வாசிச்சதத் தள்ளிட்டு நீ சொன்னத நம்பினேன்." மேசைவிரிப்பின் மடிப்பை விரலால் நீவினாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஒரேயடியா அழுது தீத்திருப்பேன். இத்தன வருசம், கேட் சத்தம் கேக்கும்போதெல்லாம் எந்திச்சுப் போயிப் பாத்தேன்."

அழைப்பிதழ்த் தாளை அவளே என் பக்கம் நகர்த்தினாள். அடித்த சொல்லின் கீழே புள்ளிகள் வைத்தால், அது அப்படியே இருக்கட்டும் என்று அச்சகத்துக்குப் பொருள். 'காலஞ்சென்ற' என்பதன் கீழே ஒவ்வொன்றாக வைத்தேன். அது என்ன குறி என்று அக்கா கேட்கவில்லை.