வொலிபோல் கோஷ்டி கொண்டுவந்த சேதி

இலங்கையில் ஆமிக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனுஷன், ஆமிக்காரரைச் சந்தோஷப்படுத்தப் போகிறாராம். என் வீட்டுக்காரரைப் பற்றி அந்தக் குளிர்காலத்தில் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் இப்படித்தான் சொல்லிச் சிரித்தன. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்ய?

விஷயம் இதுதான். அவர் கிரின்ஸ்டெட் வொலிபோல் கழகத்தில் விளையாடினார். மட்டக்களப்பில் அவர் அடித்த பந்தை எடுக்க ஆளே இருந்ததில்லை என்பார்கள். அதில் பாதி அவரே சொன்னதாக இருக்கும். குரோசியாவில் ஐ.நா. படையோடு நின்ற டெனிஷ் சிப்பாய்களைப் பார்க்க அந்தக் கழகத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். பொடியன்கள் வீட்டை நினைத்து வாடிப்போய் இருக்கிறார்கள், வந்து இரண்டு ஆட்டம் ஆடி, சேர்ந்து சாப்பிட்டு, கொஞ்சம் கலகலப்பாக்கிவிட்டுப் போங்கள் என்று அழைப்பு. இவர் முதலில் மாட்டேன் என்றார். "ஆமிக் காம்புக்குள்ள போய் விளையாடுறதோ? சென்றியில துவக்கோட நிக்கிறவனைக் கண்டாலே மற்றப் பக்கம் திரும்பி நடக்கிற ஆள் நான்."

அவரைப் போகச் சொல்லிக் கெஞ்சியது என் சிநேகிதி. முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் என்னோடு வேலை செய்த டெனிஷ்காரி. என்னைவிட வயதில் மூத்தவள்தான். ஆனால் டெனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் நீதான், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். எங்கள் காரை இவர் பக்டரிக்குக் கொண்டுபோய்விடுவார். பஸ்ஸை நம்பினால் என் வேலை போய்விடும். அதனால் தினமும் அவள்தான் என்னை ஏற்றி இறக்கினாள்.

அவளுடைய ஒரே மகன் அந்த முகாமில் நின்றான். இன்னும் அரை வருஷம் நிற்பதா, வீட்டுக்குத் திரும்புவதா என்று நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முன்னால் அவன் சொல்லியாக வேண்டும். "நீ சொல்லுறபடி செய்யிறன் அம்மா" என்று பொறுப்பைத் தாயின் தலையில் போட்டுவிட்டான். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"டெலிபோனில அவன் எப்பவும் நல்லா இருக்கிறன் எண்டுதான் சொல்லுவான். உன்ர மனுசன் கண்ணால பாத்திட்டு வந்து சொல்லட்டும். அதுக்குப் பிறகு முடிவு எடுக்கிறன்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் இவர் சம்மதித்தார்.

அந்த நாட்களில் டிவியைப் போட்டால் தமிழர் வழக்குத்தான். எங்களைப் போன்ற பெண்சாதி பிள்ளைகளை டென்மார்க்குக்கு வரவிடாமல் விண்ணப்பங்களை அரசாங்கத்தில் கிடப்பில் போட்டது யார், தெரிந்துகொண்டே வாய் மூடி இருந்தது யார் என்று நாடே கேட்டுக்கொண்டிருந்தது. அப்படிக் கிடப்பில் கிடந்தவர்களில் நானும் ஒருத்தி. சிநேகிதிக்கு வெட்கம் தாங்காது. காரில் ஏறினவுடனே, "எங்கட ஆக்கள் பொய் சொல்லிப்போட்டினம்" என்று தொடங்கிவிடுவாள். நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

உண்மையைச் சொன்னால், அரசாங்கத்தின் பொய் எனக்கு அவ்வளவு சுடவில்லை. நான் மட்டக்களப்பில் காத்திருந்த வருஷங்களில், வெளிநாட்டிலிருந்து வந்துபோன ஒவ்வொருவரும், "அவருக்கென்ன பிள்ள, நல்லா இருக்கார், கொழுத்துப்போனார்" என்று சொன்னார்களே, அதுதான் சுட்டது. வந்து இறங்கின அன்று எனக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தார். நித்திரைக் குளிசை இல்லாமல் படுக்க மாட்டார் என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். தூரத்தில் இருக்கிறவரைப் பார்த்துவிட்டு வந்தால் சுகம் என்றுதான் சொல்ல வேண்டும். வேறு ஏதும் சொன்னால் அவன் மனுஷனே இல்லை.

இவர் போய் வந்தார். வந்த அன்று பின்னேரமே சிநேகிதி கேக்கோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். இவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்லா இருக்கிறான். நல்லாச் சாப்பிடுறான். நான் அடிச்ச பந்தையே ரெண்டு தரம் தடுத்துப்போட்டான்" என்றார். அவள் அழுதேவிட்டாள். மூன்று பேருமாக இருந்து கேக் சாப்பிட்டோம்.

இரவு சோற்றைப் போட்டுக் கொடுத்தால் மனுஷன் பிசைந்துகொண்டே இருக்கிறார். என்ன என்று கேட்டேன். மெல்ல மெல்லத்தான் வந்தது. ஆட்டத்தின் நடுவில் பின்னால் யாரோ உட்காருகிற இரும்பு வாங்கு ஒன்றைத் தட்டிப் படாரென்று விழுத்தியிருக்கிறார்கள். அந்தப் பொடியன் பந்தை விட்டுவிட்டு நிலத்தில் குப்புற விழுந்து தலையைக் கைகளால் மூடிக்கொண்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் எழும்பிச் சிரித்தான். பிறகு தனியாக வந்து இவரிடம், "நீயும் உன்ர நாட்டில இதெல்லாம் கண்டனிதானே. இது போகுமா?" என்று கேட்டானாம். போகும் என்று இவர் சொல்லியிருக்கிறார். "அம்மாவுக்குச் சொல்லாதே" என்றானாம்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"அந்தப் பொம்பிளை உங்களை எதுக்கு அனுப்பினவ? கேக் தின்னவோ?"

"ஒரு தாயிட்டப் போய் இதை எப்படியப்பா சொல்லுறது?"

"வந்துபோன ஆக்கள் எனக்குச் செய்ததையே நீங்க அவக்கும் செய்யிறீங்க. வெக்கமாயில்லையா?"

"பொடியனுக்கு வாக்குக் குடுத்திட்டன். நீ வாயை வச்சுக்கொண்டு சும்மா இரு."

நான் சும்மா இருக்கிற பிறவியா? அடுத்த நாள் காலை காரில் ஏறி, பெல்ட் போட முன்னமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாங்கு விழுந்தது, அவன் குப்புறக் கிடந்தது, சொல்லாதே என்றது, ஒன்றும் விடவில்லை. அவள் காரை வீதியோரம் நிறுத்தினாள். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றாள். "உன்ர மனுசன் என்ர கையைப் பிடிச்சுச் சொன்னவர். அவர் பொய் சொல்லுற ஆள் இல்லை."

அன்று பின்னேரம் என்னை இறக்கிவிட்டுப் போகாமல் தானும் உள்ளே வந்து இவரிடம் நேரே கேட்டாள். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "கால் தடக்கி விழுந்தவன். எல்லாரும் சிரிச்சம். இவ பயந்தவ, எதையும் பெருசாக்குவா" என்றார். சொல்லும்போது லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

அப்போது அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் வாய் திறந்திருந்தால் போதும். ஆனால் வெளி ஆளுக்கு முன்னால் கட்டின புருஷனைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. ஊரெல்லாம் வாய்க்காரி என்று பெயரெடுத்த எனக்கு, வாய் வேண்டிய அந்த ஒரு நிமிஷத்தில் வாய் இல்லாமல் போயிற்று. "கோப்பி போடட்டா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கோப்பியாம் கோப்பி!

அவள் வீட்டுக்குப் போய் மகனை நிற்கச் சொன்னாள். அவன் நின்றான்.

நத்தார் போய், தமிழர் வழக்கால் அரசாங்கமே கவிழ்ந்தது. "பொய் சொன்னவைக்கு என்ன நடந்தது பாத்தியா?" என்று அவள் ஸ்டியரிங்கில் தட்டினாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோடையில் மகன் வந்தான். ஒரு வேலைக்குப் போனான், விட்டான். இன்னொன்றுக்குப் போனான், அதையும் விட்டான். பிறகு அறையை விட்டு வரவே இல்லை. திரைச்சீலையை விலக்கவும் விடவில்லை. சமையலறையில் ஒரு மூடி விழுந்தால் உள்ளே அவன் கத்துவான் என்பதால், அவள் கோப்பைகளையெல்லாம் பிளாஸ்டிக்காக மாற்றினாள். இவர் ஞாயிறு தோறும் போய் அவன் அறை வாசலில் இருந்துவிட்டு வருவார். வொலிபோல் கழகத்துக்குப் போவதை விட்டுவிட்டார். இவரைத் திட்டலாம் என்று பல தரம் நினைத்தேன். திட்ட எனக்கு என்ன முகம் இருக்கிறது?

வாங்கு விழுந்த கதையை மகன் வாயாலேயே கேட்ட பிறகும் சிநேகிதி இவரை ஒரு நாளும் குறை சொல்லவில்லை. மகனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய மனுஷன் என்றுகூடச் சொன்னாள். என்னையும் முன்போலவே காலையில் வந்து ஏற்றினாள். ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில், வீதியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

"நீ எனக்குச் சொன்னனி. நான் நம்பேல்ல, அது என்ர பிழை. ஆனா நீ ஏன் இரண்டாம் தரம் சொல்லேல்ல?"