மழைக்கு ஒரு மேப்

வழி தெரிந்தவர்களிடம் போய் வழி விற்கிற தொழில் என்னுடையது. தோளில் பையை மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் மேப் காட்டும் சாஃப்ட்வேர் விற்றேன். கிளையின் மேனேஜர், விற்பனையாளர், அறையைப் பெருக்குகிறவர் எல்லாம் நான் ஒருத்திதான். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்றும் விற்கவில்லை. தலைமை அலுவலகம் போனில் கூப்பிட்டது. எந்தத் தொழிலில் மேப்புக்கு எவ்வளவு வரவேற்பு என்று ஒப்பிட்டு டிசம்பருக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். ஒரு தொழிலாவது தேறவில்லை என்றால் கிளையை மூடிவிட்டு என்னைச் சென்னைக்கு மாற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டில் சென்னை என்றால் வேலையை விடு என்று அர்த்தம். அப்பா ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: “இங்கனயே இருந்து பாக்கதுன்னா பாரு. இல்லன்னா தையில மாப்பிள்ளை பாத்துருதேன்.”

லாரி ஆபீஸ்

முதலில் லாரிக்காரர்களிடம் போனேன். ஓயாமல் ரோட்டில் ஓடுகிறவர்கள், அவர்கள் வாங்காமல் வேறு யார் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். லாரி ஆபீஸ் முதலாளி அண்ணாச்சி பிரியமாகக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் லேப்டாப்பைத் திறந்து டெல்லிக்கு வழி காட்டினேன். கல்கத்தாவுக்குக் காட்டினேன். அவர் இரண்டையும் பார்க்கவில்லை. திரையில் ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே விரலை வைத்துத் தேடிக்கொண்டிருந்தார். மேப் காட்டினால் எல்லாரும் முதலில் தேடுவது சொந்த ஊரைத்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் ஊர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு லேப்டாப்பைக் காட்டினார்.

“எங்க ஊரே தெரியாத பய, எனக்கு டெல்லிக்கு வழி சொல்லுதானாக்கும்?”

தீப்பெட்டி ஆபீஸ்

தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வேன் உண்டு. விடியும் முன்னே கிராமம் கிராமமாகப் போய் வேலைக்கு ஆள் ஏற்றி வரும். டீசல் மிச்சமாகும் என்று ஆசை காட்டி, ஒரு முதலாளியை இலவசமாகச் சோதித்துப் பார்க்கச் சம்மதிக்க வைத்தேன். எட்டயபுரம் பக்கத்துக் கிராமங்களுக்கு சாஃப்ட்வேர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. ஒரு வாரம் வேன் சீக்கிரமே வந்தது. முதலாளி என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

அப்புறம் புரட்டாசியில் ஒரு மழை. குறுக்கு வழி முழுக்கக் கரிசல் வண்டிப் பாதை. வேன் அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டது. பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காலில் அப்பிய மண்ணை அடிக்கொரு தரம் வழித்துப் போட்டுக்கொண்டு தார் ரோட்டுக்கு நடந்தார்கள். நானும் போய்ப் பார்த்தேன். என் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கும். முதலாளி திட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. வேனை இழுக்க டிராக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எம்மா, இந்த மேப்பு போட்டவிய ஒரு மழைக்காவது இங்கன வந்திருக்காவளா?”

விதைக்கடை

விதைக்கடை பாய் மட்டும் நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். எந்த ஊரில் மழை பெய்தது என்பதுதான் அவர் கவலை. மழை விழுந்த ஊர்க்காரர்கள்தான் மறுநாள் காலையில் உளுந்துக்கும் பாசிக்கும் கம்புக்கும் வந்து நிற்பார்கள். அதற்காக மேகம் கூடினாலே ஊர் ஊராக டெலிபோன் பூத்துக்குப் போன் போட்டு விசாரிப்பார். என் சாஃப்ட்வேருக்கு மழையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொண்டேன்.

சொல்லும்போதே எனக்குப் பொறி தட்டியது. மழைக்கு மறுநாள் இந்தக் கடைக்கு ஒருவர் வண்டியில் வந்து சேர்ந்திருக்கிறார் என்றால், அவர் வந்த பாதை மழை தாங்கும் பாதை. பாயிடம் கேட்டு, அடுத்தடுத்த மழைகளில் விதை மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்களை எல்லாம் எந்த ஊர், எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டு, அந்தப் பாதைகளை மேப்பில் பச்சையாக வரைந்தேன். வண்டி இறங்கும் பாதைக்குச் சிவப்பு. மேப்பில் இல்லாத ஊர்களும் அப்படியே ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பொண்ணு பார்க்க வந்தவள் என்று நினைத்துக்கொண்டு, வீட்டு விவரம் முழுக்கச் சொன்னவர்களும் உண்டு. பாய் கல்லாவில் இருந்தபடி சிரித்தார்.

“விதை வாங்க வாரவியள விட ஒனக்கு பதில் சொல்ல நிக்கவியதான் அதிகம். நீ நாளைக்கும் வாம்மா.”

காத்தாடி கம்பெனி

கயத்தாறு பக்கம் காற்றாலை, எங்கள் பேச்சில் காத்தாடி. காற்று அடங்கிய மாதங்களில்தான் அவற்றைப் பழுது பார்ப்பார்கள். பாவம், அதே மாதங்களில்தான் இங்கே மழையும். கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர், நடுக்காட்டுக் காத்தாடிக்குக் கிரேன் கொண்டுபோக வழி தெரியாமல் தவித்தார். வழி கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டியிருந்தார்கள். வேன் இறங்கினால் டிராக்டர் இழுக்கும். கிரேன் இறங்கினால் யார் இழுப்பது?

பச்சைக் கோட்டைக் காட்டினேன். சுற்று வழி. அவர் யோசித்தார், பிறகு தலையாட்டினார். அன்றைக்கு மழையும் பெய்தது. நான் மாடி அறையில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இது தவறினால் டிசம்பருக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. சாயங்காலம் மணி அடித்தது.

“ஏனுங்க மேடம், கிரேன் போய்ச் சேந்துருச்சுங்க. பில்லை அனுப்பி வையுங்க.”

மறுபடியும் லாரி ஆபீஸ்

அறிக்கையில் நேர்மையாக எழுதினேன்: எந்தத் தொழிலில் வெளியூர் ஆட்கள் அதிகமோ அங்கே மேப் விற்கும், உள்ளூர்க்காரர்கள் மழை மேப்பாக இருந்தால் யோசிப்பார்கள். கிளை தொடரட்டும் என்று பதில் வந்தது. அப்பா தை மாதப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்த வாரம் லாரி அண்ணாச்சியே மாடிப்படி ஏறி வந்தார். காத்தாடி சாமான் ஏற்றும் காண்ட்ராக்ட் அவருக்குக் கிடைத்திருந்தது. அந்த மேப்படிதான் லாரி போக வேண்டும் என்று இன்ஜினியர் நிபந்தனை போட்டுவிட்டாராம். நான் திரையைத் திருப்பினேன். அவர் விரல் நேராக ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே போனது. பச்சைப் பாதையின் ஓரத்தில் அவர் ஊர், பெயரோடு இருந்தது. அதை ஒரு தரம் வாய்விட்டு வாசித்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்பம் சொல்லு தாயி, ஒன் கம்ப்யூட்டருக்கு வேற என்னெல்லாம் தெரியும்?”

எந்தத் தொழிலில் மேப் அதிகம் விற்கும் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், முதலில் உங்கள் ஊர் எது என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன்.