பிரிஜட் சொன்ன தடை

ஒரு பொருள் ஓடாவிட்டால் என் மனைவி பிரிஜட்டுக்குக் கவலையில்லை. சுலபமாக ஓடிவிட்டால்தான் சந்தேகம். புது மிக்ஸி சத்தமில்லாமல் அரைக்கிறதே என்று அதைக் கவிழ்த்துப் பார்த்தவள். இவளோடு சிங்கப்பூர் ஆங் மோ கியோவில் குடித்தனம் நடத்த எனக்குப் பொறுமை போதாது. பேருந்து ஓட்டுநர்களுக்குப் பொறுமை அதிகம் என்பவர்கள் பேருந்து ஓட்டியதில்லை.

கால் முறிந்து நான் வீட்டில் கிடந்தபோது, எங்கள் மகள் கேட்லினின் கல்யாண ஓலையைக் கோயிலில் வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு தமிழ்ப் பூசையில் பெயர்களைச் சொல்லி, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார் ஃபாதர். கைப்பேசியில் நேரலையாகப் பார்த்தேன். முதல் ஓலையின்போது படம் நின்றுபோனது. இரண்டாவதிலும் அப்படியே. ஃபாதர் வாயைத் திறந்தபடி நின்றார், என் மகளின் பெயர் வரவில்லை.

நேரலையை அனுப்பும் கோயில் மடிக்கணினியில் இருப்பது பழைய லினக்ஸ். தொடர்பு அறுந்து மறுபடி சேரும்போது அதில் வைஃபையை இயக்கும் டிரைவர் என்ற நிரல் தடுமாறும். லினக்ஸின் மையமான கெர்னலின் புதிய வெளியீட்டில் அந்தப் பிழையைத் திருத்தியவளே பிரிஜட்தான். புதியதில் சேர்ந்த பிறகுதான் பழைய வெளியீடுகளுக்குக் கொண்டுபோவார்கள், அது அவர்கள் வழக்கம். அந்த வாரத் தொடக்கத்தில் பழைய வெளியீடுகளின் பராமரிப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவளுடைய திருத்தத்தைப் பழையதிலும் சேர்க்கிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று.

"இதுவும் ஓலைதான் லா," என்றேன். "ஓலைக்கு யாரு எழுந்து தடை சொன்னா? மூணாவதையாவது கேட்டுடுவேன்."

"ஒரு வரிகூட மாத்தாம ஒட்டிக்கிச்சுங்க. அவ்வளவு பழைய கோட்ல எப்படி?"

கோயில் மடிக்கணினியை வீட்டுக்கே கொண்டுவந்து அந்தத் திருத்தத்தைப் போட்டுப் பார்த்தாள். தொடர்பு அறுந்தது, சேர்ந்தது. நான் கைதட்டினேன். பிறகு வைஃபையை அணைத்தாள். கணினி அப்படியே நின்றுவிட்டது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அணைக்கும்போது மிச்ச வேலை முடியற வரைக்கும் காத்திருன்னு திருத்தத்துல எழுதியிருக்கேன். பழைய கெர்னல்ல அந்த வேலையே, காத்திருக்கிறவன் கையில உள்ள சாவிக்காக நிக்குது. லிஃப்ட் வாசல்ல ரெண்டு பேர் 'நீங்க போங்க, நீங்க போங்க'ன்னு நிப்பாங்களே, அந்த மாதிரி."

"நாம வைஃபைய அணைக்காம இருந்தா போச்சு. பேசாம விடேன்."

"ஊர்ல இருக்கிற மத்த மெஷின் எல்லாம் நின்னு போகட்டுமாங்க?"

தன் திருத்தத்துக்குத் தானே தடை எழுதி அனுப்பினாள். நீக்கிவிட்டோம், நன்றி என்று பதில் வந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மீதி வாரம் முழுக்க அவள் பழைய கெர்னலுக்கென்று திருத்தத்தைத் திருப்பி எழுதினாள். முதலில் சாவியை விடு, பிறகு காத்திரு. வைஃபையை அணைத்து அணைத்துப் பார்த்தாள், கணினி நிற்கவில்லை. அதைப் பராமரிப்பாளருக்கு அனுப்பிவிட்டு, கோயில் மடிக்கணினியிலும் போட்டுக்கொண்டு ஞாயிறு காலை கிளம்பினாள். மூன்றாவது ஓலை அன்றைக்குத்தான்.

நடுப் பூசையில் படம் நின்றது. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தீர்ப்பதற்குள் தானாகவே ஓடத் தொடங்கியது. "இயேசுதாசன், பிரிஜட் தம்பதியரின் மகள் கேட்லின்" என்று ஃபாதர் வாசித்தது தெளிவாகக் கேட்டது. கண் கலங்கிவிட்டது.

தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். மூன்றாவது வரிசையில் பிரிஜட் தெரிந்தாள். இவளை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறார்களே என்று எனக்கு மூச்சு நின்றது.

அவள் எழவில்லை. அப்படியென்றால் மாப்பிள்ளை நல்ல பையன்தான்.