அரைக் கட்டை இறங்கிய பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை குசினிக் குழாய் சொட்டத் தொடங்கியது. குழாய் திருத்தும் பைப் பாஸைக் கூப்பிட்டால் இன்றைக்கு வருகிறேன் என்பார், அடுத்த ஞாயிறு வருவார். நானே கழற்றினேன். உள்ளே இருந்த பித்தளைத் திருகு பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. பழைய சவர பிளேடால் சுரண்டியபோது விரல் நுனியில் மஞ்சள் தூள் ஒட்டியது. பழக்கதோஷத்தில் முகர்ந்து பார்த்தேன். அதோடு அன்றைய சமையல் கெட்டது. கதிரையை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். கடையில் கொத்து ரொட்டி வாங்கி வரச் சொல்லி அனுப்பினேன்.

பித்தளைத் தூளின் வாடை எனக்கு என் முதல் வேலையின் வாடை. கண்டி டவுனிலிருந்து மேலே ஏறும் ஓர் ஒழுங்கையில், மூச்சு வாங்கி இரண்டு தடவை நின்றால் வந்து சேரும் ஒரு பழைய வீட்டில் எங்கள் இசை நிலையம் இருந்தது. சங்கீத நிலையம் என்றதும் தம்புராவும் ஊதுபத்தியும் உங்கள் மனதில் வந்திருக்கும். அதெல்லாம் இல்லை. ஈரச்சுவர், நனைந்த குடைகள், பூமணி அக்கா போடும் இஞ்சித் தேத்தண்ணி, இவ்வளவுதான். ஒரு அறையில் வயலின், பக்கத்து அறையில் கீபோட். நடுவில் இருந்த சுவர் பலகைச் சுவர். வயலின் பிள்ளைகள் சரளி வரிசை வாசிக்கும்போது கீபோட் பிள்ளைகள் பிறந்தநாள் பாட்டு வாசிப்பார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்து வரவுப் பதிவு போடுவது என் வேலை. கிளார்க் என்று நியமனக் கடிதத்தில் இருந்தது. நான் வீட்டில் சொன்னது நிருவாக உத்தியோகத்தர் என்று.

கடுகண்ணாவையில் என் அப்பாவுக்கு ரேடியோ திருத்தும் கடை. அதனால் எனக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியும் என்ற தலைக்கனம் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. நிலையத்தில் கதவுப் பிணைச்சல் கழன்றாலும் மணிக்கூடு நின்றாலும் நான்தான். "உங்கட பிள்ளைக்கு நல்ல கை" என்று வயலின் மிஸ் என் அப்பாவிடமே ஒரு நாள் சொன்னார். அந்தச் சொல்லை நான் மாதக்கணக்கில் சப்பிக்கொண்டு திரிந்தேன்.

வயலின் மிஸ் வத்சலா, யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணமாகிக் கண்டிக்கு வந்தவர். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. பிள்ளைகள் யாரும் வயலினின் முறுக்காணியைத் தொடக்கூடாது. காலையில் எல்லா வயலின்களையும் அவரே மடியில் வைத்துச் சுருதி சேர்த்து, ஒவ்வொன்றாகக் கொடுப்பார். "தந்தி அறுந்தால் ஆர் வாங்கித் தாறது? கொழும்பிலும் இப்ப கிடையாது" என்பார். நியாயம்தான். ஆனால் ஐந்து வருடம் படித்த பிள்ளைக்கும் தன் வயலினுக்குத் தானே சுருதி சேர்க்கத் தெரியாது. அதை நாங்கள் யாரும் குறையாக நினைத்ததில்லை. மிஸ் இருக்கிறாரே என்று இருந்தோம்.

பூமணி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே அதற்குப் பயந்துதான். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து கூட்டுவது, துடைப்பது, தேத்தண்ணி போடுவது, மணியடிப்பது எல்லாம் அவர். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வந்தவர். புருசன் இல்லை, ஒரே மகள் வெளிநாட்டில் வீட்டுவேலையில். நிலையத்தின் பின்னால் தகரம் போட்ட சின்ன அறையில்தான் குடியிருந்தார். வேலையும் வீடும் அவருக்கு ஒன்றே.

மின்வெட்டுக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் போனால் மின்சாரச் சுருதிப்பெட்டி ஊமை. போனில் போடலாமே என்று நான் சொன்னேன். மிஸ்ஸுக்கு முகம் சுருங்கியது. "போனிலை வாறது சுருதியே, பிள்ளை? அது வெறுஞ் சத்தம்." அதனால் அலுமாரிக்கு மேலே பல வருடம் தூங்கிய பழைய கைப்பெட்டி கீழே இறங்கியது. துருத்தியைக் கையால் அமத்தினால் சா, பா, மேல் சா என்று மூன்று பித்தளை நாக்குகள் ஒன்றாகப் பேசும் பெட்டி. அதை அமத்தியது பூமணி அக்கா. நிலையத்தின் ஆரம்பத்தில் அவர் செய்த வேலைதான். கதவுக்குப் பின்னால் சிறு பலகையில் உட்கார்ந்து, வகுப்பு முடியும்வரை ஒரே சீராக அமத்துவார். இருமல் வந்தால்கூட சுருதி ஆடாது. கழுத்தைத் திருப்பி இருமிக்கொள்வார்.

பெட்டி கொஞ்சம் கரகரத்தது. கண்டி மழையில் நாக்குகளில் களிம்பு. வகுப்பில்லாத ஒரு புதன்கிழமை நான் பெட்டியைத் திறந்தேன். பிளேடை எடுத்து மூன்று நாக்குகளையும் அடிப்பக்கமாகச் சுரண்டினேன். ஒன்று சுருதி விலகினால் மற்றதையும் கொஞ்சம் சுரண்டினேன். மூன்றும் தங்களுக்குள் ஒத்துப்போகும்வரை சுரண்டினேன். பளபளவென்று ஆனது. சத்தமும் சுத்தம். அடியில் சுரண்டினால் நாக்கின் குரல் இறங்கும் என்பது ரேடியோக் கடையில் யாரும் எனக்குச் சொல்லித்தராத பாடம். மூன்றும் சேர்ந்தே இறங்கியதால் என் காதுக்குப் பிழை தெரியவில்லை.

பூமணி அக்கா வெளிப்பெட்டியை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு ஒரு தடவை அமத்திப் பார்த்தார். அமத்திக்கொண்டே இருந்தார். பிறகு தலையை ஆட்டினார். என்னையும் அவர் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்.

"எறங்கிருச்சுங்க மிஸ்."

"என்ன இறங்கிருச்சு?"

"பெட்டி. முந்தியெல்லாம் பன்சலை மணி அடிக்கிறப்ப இதோட ஒட்டிக்கிட்டு நிக்கும். இப்ப ஒட்ட மாட்டேங்குது."

பக்கத்துப் புத்த கோயிலான பன்சலையின் மணியைத்தான் சொன்னார். நான் சிரித்தேன். மணியோடு சுருதி சேர்க்கிறவரை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். "அக்கா, ஒங்களுக்கு சங்கீதமும் வருமா?" என்று கேட்டேன். அவரும் சிரித்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கு என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை மிஸ் வந்து பெட்டியைக் கேட்டுவிட்டு மனம் குளிர்ந்து போனார். "நல்லாய்ப் பேசுது. ஆர் துடைச்சது?" என்றார். எனக்கு ஒரு தன்னடக்கம் வந்தது பாருங்கள். "பூமணி அக்காதான் மிஸ்" என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பரீட்சை. வேறொரு பாடசாலை மண்டபத்தில். ஆசிரியர்கள் உள்ளே போக முடியாது. அன்றும் கரண்ட் இல்லை. மிஸ் விடியவே வந்து எல்லா வயலின்களையும் எங்கள் கைப்பெட்டிக்குச் சேர்த்து, வேனில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பினார். பரீட்சகர் புதியவர், பற்றரிச் சுருதிப்பெட்டியோடு வந்தவர். முதல் பிள்ளை வில்லை வைத்ததும் நிறுத்தச் சொன்னாராம். "சுருதியைச் சேர்த்துக்கொண்டு வாசி" என்றாராம். வாழ்க்கையில் முறுக்காணியைத் தொட்டிராத பிள்ளை அதைப் பிடித்து முறுக்கியது. தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தது. அதைப் பார்த்த மற்றப் பிள்ளைகள் யாரும் முறுக்காணிப் பக்கம் போகவில்லை. எல்லோரும் சுருதி சேராமலே வாசித்தார்கள், அழுதுகொண்டே வந்தார்கள். முடிவு வந்தபோது வயலினில் ஒருவரும் தேறவில்லை.

பெற்றோர் வந்து கத்திவிட்டுப் போன மறுநாள் கூட்டம். எங்கள் தலைவர் டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி. சங்கீதம் தெரியாது, ஆனால் சங்கீதத்துக்கு உதவி செய்பவர் என்ற பெயர் அவருக்கு வேண்டும். கூட்டக் குறிப்பு எழுதுவது நான். நடுவில் பூமணி அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தார்.

"நான் காலமை எல்லாத்தையும் பெட்டிக்குத்தான் சேர்த்தனான்" என்றார் மிஸ். "பெட்டி பிழையெண்டால் நான் என்ன செய்யிறது? அதைத் துடைச்சதும் அமத்தினதும் பூமணிதானே."

முதலாளி பூமணி அக்காவைப் பார்த்தார். "பெட்டிய நீதான் தொறந்தியா?"

பூமணி அக்கா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. நான் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார். தட்டில் கடைசிக் கோப்பை என்னுடையது. அதை எடுத்து மேசையில் வைத்தேன். குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதினேன். என்ன எழுதினேன் என்று இப்போது நினைவில்லை. "நான் தொடச்சேங்க" என்றார் அவர். முதலாளிக்கு அது போதுமாக இருந்தது. "பெத்தவங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு சொல்லியாகணுமே" என்றார். மிஸ்ஸின் முறுக்காணிச் சட்டத்தைப் பற்றி ஒருவர் வாயும் திறக்கவில்லை. எனக்கு வேலை கிடைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இதை நியாயமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். நான் கோழையாக இருந்தேன்.

விலக்கல் கடிதத்தை டைப் பண்ணியதும் நான்தான். கடிதமென்றால் இங்கிலீஷில் இருந்தால்தான் மதிப்பு என்பது முதலாளியின் கொள்கை. பதினாறு வருடம் வேலை செய்தார், பொறுப்பில் கொடுத்த வாத்தியத்தைக் கவனக்குறைவால் பழுதாக்கியதால் நிறுத்தப்படுகிறார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கவனக்குறைவுக்கு இங்கிலீஷ் எழுத்து பிழைக்கக்கூடாதே என்று அகராதியை வேறு எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு பொறுப்பு எனக்கு.

பின்னேரம் பூமணி அக்கா உரப்பையில் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு வந்தார். கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க மிஸ் எழுதியிருக்கு?"

"பதினாறு வருசம் இங்க வேல செஞ்சீங்கன்னு."

"நல்லபடியாத்தானே?"

"நல்லபடியாத்தான் அக்கா."

அடையாள அட்டை வைக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் அதை மடித்து வைத்தார். எனக்கு நன்றி சொன்னார். மழை தூறிக்கொண்டிருந்தது. உரப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கிப் போனார்.

அதற்கடுத்த கிழமை, கீபோட் சொல்லிக்கொடுக்கும் நஸீர் சேர் என் மேசைக்கு வந்தார். அக்குறணையிலிருந்து பஸ்ஸில் வருபவர், யாரோடும் வம்புக்குப் போகாதவர். "அந்தப் பெட்டிட சுருதி அரைக் கட்டை எறங்கித்தான் ஈக்கிது தங்கச்சி. கரண்ட் வந்த நேரம் நான் கீபோட்ல போட்டுப் பாத்த. பரீட்சைக்கி முந்தியே" என்றார். ஏன் சேர் சொல்லவில்லை என்று கேட்டேன். "எனக்கிட்ட ஆரும் கேக்கல்லயே. வயலின் மிஸ்ஸோட சண்டை புடிச்சா எனக்கு அந்த ரூமும் இல்லாமப் போகும்" என்றார். பெட்டியைச் சுரண்டியது நான்தான் என்று அவரிடமும் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் ஆறு மாதம் அங்கே இருந்திருப்பேன். நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன் நஸீர் சேரே இன்னொரு நாளும் வந்தார். இம்முறை கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கட மச்சானுக்குத் திகனயில புடவக் கட. அந்தப் பூமணி மனிசி அங்க வேல கேட்டு வந்தீக்கி. ஒரு கடிதமும் காட்டீக்கி. மச்சான் வாசிச்சிட்டு மடிச்சிக் குடுத்திட்டான். அவவுட முகத்துக்கு நேர எப்படிச் செல்ற?" கொஞ்ச நேரம் என் டைப் மெஷினைப் பார்த்தார். "பக்கத்துக் கடயிலயும் காட்டீக்கியாம். எல்லாக் கடயிலயும் காட்டுதாம். அதுல நல்லது எழுதீக்கி எண்டு ஆரு சென்ன அவவுக்கு?"

நான் வரவுப் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த வீடு இல்லை. இடித்துவிட்டு ஏதோ ஒரு ஹோட்டலின் வாகனங்கள் நிற்கும் இடமாக்கிவிட்டார்கள். வத்சலா மிஸ் லண்டனில் மகனோடு இருக்கிறாராம், அங்கேயும் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுக்கிறாராம். நஸீர் சேர் பஸ்ஸில் கண்டால் தலையசைப்பார், அவ்வளவுதான். பெட்டி பழைய இரும்புக்காரனிடம் போயிருக்கும். பன்சலை மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறது. டவுனில் நிற்கும்போது சில நேரம் கேட்கும். அதோடு ஒட்டிக்கொண்டு நிற்க அந்தப் பக்கத்தில் இப்போது எதுவும் இல்லை.

வேலையை விட்ட பிறகு ஒரு தடவை திகனைக்குப் போனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. வேறு கடிதம் ஒன்று எழுதியும் கொண்டு போயிருந்தேன், தமிழில். விசாரித்து விசாரித்து, அவர் தங்கியிருந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்கார அம்மா படியிலேயே நின்று பேசினார். பூமணி அக்கா போய் இரண்டு மாதம் ஆகிவிட்டதாம். எந்தப் பக்கம் என்று தெரியாதாம்.

"வேல ஒண்ணும் சரிவரலீங்க, என்ன காரணமோ" என்றார். "ஆனா அவங்க கவலப்படலீங்க. கையில நல்ல கடிதம் இருக்கு, எங்க போனாலும் வேல குடுப்பாங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."