தறியின் அடியைக் கண்டுகொண்ட ஸ்டெல்லா

ராசிபுரத்தில் பேருந்துக்கு நின்றிருந்தபோது, ஸ்டெல்லா காலமாகிவிட்டார் என்று நாங்கள் சேர்ந்து வேலை செய்த ஆய்வுக்கூடத்திலிருந்து அழைத்துச் சொன்னார்கள். மறுநாள் நாளிதழில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

சேலத்தில் அவரிடம் இசிஜி எடுத்துக்கொண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை அளந்து கணக்கிடும் ஆய்வு மென்பொருளை அவரும் நானும் சேர்ந்து செய்தோம் என்பது சிலருக்குத்தான் தெரியும். நான் பள்ளிப்படிப்பை முடிக்காதவன். விசைத்தறிகளின் மின்பலகைகளைப் பழுதுபார்த்துக்கொண்டே நிரல் எழுதக் கற்றவன். பட்டம் பெற்றவர்கள் என் தவறுக்காகக் காத்திருந்தார்கள்.

அது கிடைத்தது. பள்ளிபாளையத்துத் தறித் தொழிலாளி பழனியம்மாள் ஒரு நாள் முழுக்க மார்பில் கட்டியிருந்த கருவியின் பதிவில், உயிருக்கு ஆபத்தான வேகத் துடிப்பு இருப்பதாக என் மென்பொருள் பலமுறை குறித்தது. அவரோ நலமாக இருந்தார். "இந்த மென்பொருளைத் தூக்கிப் போட்டுறலாம்" என்றார் ஆய்வை நடத்திய மருத்துவர். மென்பொருள் சரி, அந்த அம்மாளுக்குத்தான் நோய் என்று நான் அடம்பிடித்தேன்.

ஸ்டெல்லா ஒரு வாரம் அவகாசம் கேட்டு, என்னையும் தறிக்கூடத்துக்கு இழுத்துப் போனார். "நெஞ்சு நல்லாத்தானுங்க இருக்குது. ஓடுற தறி மேல சாஞ்சுதான் துணியப் பாக்கோணும், அதுக்கென்னங்க?" என்று இரைச்சலுக்கு மேலே கத்தினார் பழனியம்மாள். ஸ்டெல்லா மறுபடி கருவியைக் கட்டிப் பார்த்தார். தறிமேல் சாய்ந்தால் பதிவில் ஆபத்தான துடிப்பு, நிமிர்ந்தால் சீரான துடிப்பு.

"ஏனுங்கண்ணா, இத்தன வருசம் தறிக்கு வைத்தியம் பாத்தீங்க. அது அடிக்கிற அடிதான் நெஞ்சுத் துடிப்பாட்டம் பதிவாயிருக்குதுன்னு தெரியலீங்களா?"

நான் தறியின் சட்டத்தில் கைவைத்துப் பார்த்தேன், ஒவ்வோர் அடிக்கும் அதிர்ந்தது.

"இனிமே சந்தேகம்னா, தெரியலைன்னு சொல்லச் சொல்லுங்க அத."

"அப்படிச் சொன்னா எவன் மதிப்பான்?"

"நான் மதிப்பேனுங்க."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றி எழுதினேன். அதிர்வு கலந்த பகுதியை எண்ணாமல் ஒதுக்கி, 'தெரியவில்லை' என்று மென்பொருள் குறிக்கத் தொடங்கியது. பழைய பதிவுகளையெல்லாம் ஸ்டெல்லா கண்ணால் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்தார். மருத்துவர் ஏற்றுக்கொண்டார். ஆய்வுக் கட்டுரையில் எங்கள் பெயர்கள் கடைசி நன்றி வரியில்தான் வந்தன. அதை நான் மன்னிக்கவில்லை. அவர் சிரித்தார்: "பழனியம்மா வேண்டாத மருந்திலிருந்து தப்பிச்சாங்கல்ல, விடுங்கண்ணா."

சென்ற வாரம் ஒருவர், அறிக்கை பார்க்க நன்றாக இருக்கும், அந்தத் 'தெரியவில்லை'யை நீக்கிவிடுங்கள் என்றார். முடியாது என்றேன். பிடிவாதம் என்னுடையது. அந்தச் சொல் ஸ்டெல்லாவுடையது. நான் இருக்கும்வரை அதில் யாரும் கைவைக்க முடியாது.